நகம் பதியாத நாள்

1989 மே மாதம். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு உப்பு ஏற்றிக்கொண்டு போன எங்கள் லாரி, எட்டயபுரத்தைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அடியிலிருந்து 'டப்' என்று சத்தம் வந்தது. ஸ்பிரிங் பட்டை முறிந்திருக்கும் என்று நினைத்தேன். அப்பா வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து எதுவும் சொல்லாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் குனிந்து பார்த்தேன். பட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. கிழிந்திருந்தது சேஸ். இடது பக்க நீளச் சட்டம், பட்டறையில் லாங் மெம்பர் என்பார்களே, அது பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கீழ் விளிம்பிலிருந்து பாதி உயரம் வரை பிளந்திருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தேன். இரும்பு அடுக்கடுக்காக, பழைய ஓலைச் சுவடி உதிர்வதைப் போல உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அதன் மேலே இருந்த கறுப்பு பெயின்ட் மட்டும் பளபளப்புக் குறையாமல் இருந்தது.

அந்தப் பெயின்ட் அடித்துப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு பட்டறையில் விட்டோம். இரவோடு இரவாக அடித்துக் கொடுத்தார்கள். காலையில் வண்டி புதிதுபோல் நின்றது. அப்பாவுக்கும் எனக்கும் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அடிப்பதற்கு முன்னால் சேஸை யாராவது கழுவினார்களா என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

அது பழைய டாட்டா 1210. இரண்டாவது கையாக வாங்கியது. அப்பாவே ஓட்டுநர், அப்பாவே முதலாளி. பாலிடெக்னிக் விடுமுறையில் நான் கிளீனராகக் கூடப் போவேன். எங்கள் வண்டிக்கு வருஷம் முழுக்க உப்பு நடைதான். அளத்தில் வாரிக் குவித்த அம்பாரத்திலிருந்து மூட்டை கட்டி ஏற்றும்போது உப்பு முழுதாகக் காய்ந்திருக்காது. வண்டி குலுங்கக் குலுங்கச் சாக்கிலிருந்து நீர் கசியும். பாடியின் பலகை இடுக்கு வழியாகச் சொட்டும். சொட்டுகிற இடம் சேஸ். லாங் மெம்பர் என்பது 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தது போன்ற சட்டம். அதன் கீழ் விளிம்பு ஒரு வாய்க்கால் மாதிரி. உப்புத் தண்ணீரும் ரோட்டு மண்ணும் அதில் சேர்ந்து சேறாகித் தங்கிவிடும். எங்கள் வண்டி கிழிந்தது அந்த வாய்க்காலில்தான்.

சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி, கிழிந்த இடத்துக்குத் தற்காலிகமாகக் கட்டுப் போட்டு, வெறும் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் இணைத்து, உள்பக்கம் தாங்கு பிளேட் கொடுத்துச் சரிசெய்த மிஸ்திரி, "இரும்பு வேலைய நான் முடிச்சுட்டேன். ஆனா மிச்ச சேஸையும் இப்படியே விட்டா அடுத்த வருஷம் இன்னொரு இடம் போவும். அண்ணாச்சிகிட்ட காட்டுங்க" என்றார்.

அண்ணாச்சி என்றால் பெயின்டர் அண்ணாச்சி. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் செப்பனிட்டு மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கும் கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கீழே கடல், இரண்டு பக்கமும் கடல், இரும்புச் சட்டத்தில் தொங்கிக்கொண்டு சுரண்டுவதும் பூசுவதுமாகப் பல வருஷம் இருந்தார். 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆனதும் இங்கே வேலை இருக்கும் என்று வந்தார். பாளையங்கோட்டை ரோட்டில், கடலை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்.

அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்தார். கையில் ஒரு சின்னச் சுரண்டி. கறுப்பு பெயின்டில் அங்கங்கே இருந்த கொப்புளம் ஒன்றை அதன் முனையால் குத்தினார். உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. அதைச் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தம்பி, இது பெயின்ட் அடிச்ச வண்டி இல்ல. உப்ப உள்ள வச்சுத் தச்ச வண்டி."

அப்பா தலை குனிந்து நின்றார்.

"எத்தன நாளு ஆகும் அண்ணாச்சி?"

"பத்து நாளு வேல. அதுக்கப்புறம் ஒரு வாரம் நிக்கணும்."

"நிக்கதுக்கு எதுக்கு ஒரு வாரம்? அடிச்சு மறுநாளு காஞ்சிராதா?"

"அந்த ஒரு வாரமும் பெயின்ட் அது வேலையப் பாக்குது தம்பி. நாம அடிக்கது நம்ம வேல. இறுகது அதோட வேல."

அப்பா வீட்டுக்கு வந்து இரவு முழுக்கக் கணக்குப் போட்டார். பதினேழு நாள் வாடகை போகும். தவணை கட்டவேண்டும். அம்மா எதுவும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். மறுநாள் பாடியை இறக்கி வைத்துவிட்டு, சேஸைக் கொட்டகையில் விட்டோம். எனக்கு அண்ணாச்சியோடு இருந்து வேலை பார்க்க உத்தரவு.

முதல் வேலை மண்ணெண்ணெய். கிரீஸும் ஆயிலும் பிசுக்கும் இருந்த இடமெல்லாம் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தோம். கம்பி பிரஷை நான் முதலிலேயே எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அது போகாது, சொரசொரப்பான இரும்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கும் என்றார். மண்ணெண்ணெயும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும் என்பதால் அடுத்து சவுக்காரத் தண்ணீர். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியலில் இருந்து வடிக்கிற கழிவு ஆயிலைச் சேஸில் பூசினால் துருப்பிடிக்காது என்று டிரைவர்கள் பலர் பூசுவார்கள். அப்பாவும் பூசியிருந்தார். அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், பிறகு எந்தப் பெயின்டையும் ஒட்ட விடாது. அதைக் கழற்றுவதற்கே எங்களுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

அடுத்தது தண்ணீர். கொட்டகையில் போர் தண்ணீர் இருந்தது. அண்ணாச்சி அதைத் தொடவிடவில்லை. எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பைக் கழுவிவிட்டு உப்பைப் பூசுவதுதான். தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாயில் இருந்து குடம் குடமாக மாட்டுவண்டியில் வரவழைத்தார். குடிக்கிற தண்ணீரை இப்படி வண்டிக்கு ஊற்றுவதைப் பார்த்துப் பக்கத்து டீக்கடைக்காரர் கோபித்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

ஒவ்வொரு சட்டத்தையும் கழுவிய பிறகு, அது காய்வதற்குள் விரலால் இழுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

"கரிக்கால?"

"லேசா கரிக்கு அண்ணாச்சி."

"அப்ப இன்னொரு குடம்."

குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் லாங் மெம்பரோடு சேரும் மூலைகளில் ஆறு குடம் ஊற்றியும் கரித்தது. இரண்டு இரும்புத் தகடுகள் ஒட்டும் இடுக்கில் துரு பிடித்தால் அது உப்பி, தகடுகளைப் பிரித்து, ரிவெட் தலையையே தெறிக்க வைக்கும். தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பது துரு. அந்த இடுக்குகளில் தகட்டுச் சுரண்டியை விட்டுத் தோண்டித் தோண்டிக் கழுவினோம். கடைசியில் ஒரு மூலை கரிக்காமல் போன அன்று அண்ணாச்சி எனக்கு ஒரு பன்பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார்.

இத்தனை உப்புக் கவலை எதற்கு என்பதை நான் பின்னால் படித்துப் புரிந்துகொண்டேன். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர்க்கத் தொடங்கும். உப்பள உப்போடு ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட மோசம். காற்று நன்றாக உலர்ந்திருக்கும்போதும் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே உப்பு ஒட்டிய சேஸ், வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் காய்வதே இல்லை. பார்வைக்குக் காய்ந்திருக்கும், உப்பின் கீழே நனைந்திருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் ஈரத்தை மூடி வைத்தது மாதிரி. போதாததற்கு, அடியில் உள்ள உப்பு பெயின்ட் படலத்தின் வழியாகவே வெளி ஈரத்தை உள்ளே உறிஞ்சும். கொப்புளம் வருவது அப்படித்தான். அண்ணாச்சி குத்திய கொப்புளத்துக்குள் இருந்த அந்த ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இத்தனை விளக்கம் இருந்தது.

கழுவி முடித்த பிறகுதான் சுத்தியலும் கம்பி பிரஷும். சிப்பிங் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். துரு தின்ற இடம் மரக்கட்டை மாதிரி மந்தமாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார் என்று பழக்கினார். இளகிய துரு எல்லாம் உதிர்ந்த பின் கம்பி பிரஷ், அதற்குப் பிறகு உப்புத்தாள். பழைய பெயின்ட் கெட்டியாக ஒட்டியிருந்த இடங்களில் அதன் ஓரத்தைப் படிபோல் நிற்கவிடாமல் சரிவாகத் தேய்த்தோம். ஐந்து நாள் இதுவே. என் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்தது.

குழி விழுந்த இடங்களில் எவ்வளவு தேய்த்தாலும் அடியில் கொஞ்சம் துரு இருக்கத்தான் செய்தது. அதற்கு அண்ணாச்சி ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கடுக்காய்த் தோலை இடித்துக் கொதிக்க வைத்து வடித்த கஷாயம். பிரஷால் தொட்டு அந்தக் குழிகளில் தடவினார். செம்மண் நிறத்தில் இருந்த துரு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் கலந்த கறுப்பாக மாறியது. கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாகி அங்கேயே படியும். இன்றைக்கு டப்பாவில் துரு மாற்றி என்று விற்பவற்றில் பலவும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலத்தால் இதையே செய்கின்றன. ஆனால் ஒன்றை அண்ணாச்சி அழுத்திச் சொன்னார். உதிரும் துருவின் மேல் இதைத் தடவினால் பயன் இல்லை. தேய்த்தும் போகாமல் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் மிச்சத் துருவுக்குத்தான் இது.

அதற்குள் மே மாதக் கடைசி நெருங்கிவிட்டது. ஜூன் பிறந்தால் கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும், அதற்குள் ஈரப் பெயின்ட் வேலை முடியவேண்டும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. இருந்தாலும் அவசரப்படவில்லை. விடிந்ததும் நான் பிரஷைத் தூக்கினால், "உம் புறங்கைய இரும்புல வை" என்பார். வைத்தால் சில்லென்று, லேசாக நீர் கோத்ததுபோல் இருக்கும். வெயில் ஏறி இரும்பின் ஈரம் போனபின், ஒன்பது மணிக்கு மேல்தான் டப்பாவையே திறப்பார். மத்தியானம் கடல்காற்று திரும்பிய உடனே மூடிவிடுவார். வெயில் நேராக விழும் பக்கத்தில் அடிக்கமாட்டார். சுடும் இரும்பில் பெயின்ட் பரவுவதற்கு முன்பே இழுபட்டு நின்றுவிடும் என்பதால், நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம்.

பிரைமர், ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோம். சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடின் நிறம். துருவும் அதே இனம்தான் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரும்பு ஏற்கெனவே அடங்கிப்போன நிலையைத்தான் நாம் இரும்பின் மேல் பூசுகிறோம். அந்தச் சிவப்பு ஒரு மறைப்பாக மட்டும் நிற்கும். துருவை உண்மையில் தடுப்பது அதனோடு கலந்திருக்கும் குரோமேட். அண்ணாச்சியின் பாலத்துக் காலத்தில் ஈயச் சிவப்பும் புழங்கியது. இந்த இரண்டுமே மனிதர்களுக்கு விஷம். குரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. ஈயம் ரத்தத்தையும் நரம்பையும் கெடுக்கும். அன்று எங்கள் இருவர் முகத்திலும் ஒரு துண்டுகூட இல்லை. அண்ணாச்சி ராத்திரியில் இருமுவார். கொட்டகைத் தூசி என்று சொல்வார். நானும் நம்பினேன். இந்த வேலையைப் பற்றி நினைக்கும்போது எனக்கு மனம் கனப்பது இந்த இடத்தில்தான்.

அடிக்கத் தொடங்கும் முன் மூன்று காரியம் செய்தார். சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரீஸ் தடவிக் காகிதம் ஒட்டினார். பெயின்ட் படிந்து எழுத்து மூடினால் எஃப்.சி.யில் பென்சில் பிரின்ட் எடுக்கமுடியாது. பிரேக் ஹோஸ்களுக்கும் கிரீஸ் நிப்பிள்களுக்கும் துணி சுற்றினார். பட்டைகளுக்கு நடுவே பெயின்ட் இறங்காமல் மறைத்தார். அங்கே ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரவேண்டும், அதற்குக் கிராஃபைட் கிரீஸ்தான்.

முதல் பிரஷ் ஓரங்களுக்கு. சட்டத்தின் விளிம்பு, ரிவெட் தலை, போல்ட், வெல்டிங், துளையின் வட்டம் இவற்றை மட்டும் தனியாக முதலில் பூசினார். "ஓரத்துல பெயின்ட் நிக்காதுல. இழுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் போயிரும். துரு எங்க ஆரம்பிக்கும்? அந்த ஓரத்துலதான்." அதன் பிறகுதான் பரப்பு. மெல்லிய பூச்சு. நான் ஒருமுறை தாராளமாகத் தோய்த்து அப்பினேன். வழிந்து பொட்டுப் பொட்டாகத் திரண்டது. அதை அப்படியே விடச் சொல்லி மறுநாள் காட்டினார். மேலே தோல் கட்டியிருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே தயிர் மாதிரி நெகிழ்ந்தது. இந்தவகைப் பெயின்ட் காற்றில் உள்ள ஆக்சிஜனை உள்வாங்கித்தான் இறுகும். தடிமனாக அப்பினால் மேல்தோல் முதலில் கட்டிக்கொள்ளும், பிறகு உள்ளே காற்றுப் போக வழியில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் எங்கள் வண்டிக்கு ஒரே ராத்திரியில் ஒரே தடிமன் பூச்சாக அடித்தது ஏன் கடைசிவரை இறுகவில்லை என்பது அன்றைக்கு என் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டார். இரண்டாவது பிரைமரில் கொஞ்சம் கறுப்பு கலந்து புளியங்கொட்டை நிறமாக்கிக்கொண்டார். கீழே உள்ள சிவப்பு எங்காவது தெரிந்தால் அங்கே பிரஷ் படவில்லை என்று கண்ணே சொல்லிவிடும். கை போகாத உள்பக்கத்துக்கு வளைந்த காம்பு வைத்த பிரஷ் ஒன்றை அவரே செய்து வைத்திருந்தார். உடைந்த கண்ணாடித் துண்டைக் கீழே பிடித்து மேல் விளிம்பின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். யாரும் குனிந்து பார்க்காத இடம் அது. அந்த இடத்துக்குத்தான் அவர் அதிக நேரம் கொடுத்தார். பிரைமரின் மேல் கறுப்பு எனாமல் இரண்டு பூச்சு. ஆக நான்கு.

கடைசிப் பூச்சு அடித்து மூன்றாம் நாள் அப்பா வந்துவிட்டார். மூன்று நடை உப்பு காத்திருந்தது. வண்டியைத் தொட்டுப் பார்த்தார். கையில் ஒட்டவில்லை.

"காஞ்சிட்டே அண்ணாச்சி. பாடிய ஏத்திருவோமா?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தைச் சட்டத்தின் மேல் அழுத்தினார். எடுத்தபோது அங்கே பிறைபோல் ஒரு தடம்.

"கைக்குக் காஞ்சிருக்கு. உப்புக்கு இன்னும் காயல."

அப்பா அந்தத் தடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்து டீ சொன்னார். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் சைக்கிளில் வந்து நகத்தை வைத்துப் பார்ப்பார். ஐந்தாம் நாள் தடம் மங்கலாயிற்று. ஏழாம் நாள் எவ்வளவு அழுத்தியும் பதியவில்லை. அன்றைக்கு அவரே, "இன்னொரு நாளு கிடக்கட்டும் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

பாடியை ஏற்றும்போது பலகைக்கும் சேஸுக்கும் நடுவே தார் பூசிய பட்டையை வைத்தோம். மரம் நேராக இரும்பில் உரசிப் பெயின்டைத் தின்னக்கூடாது என்பதற்காக. வண்டியை எடுக்கும்போது அண்ணாச்சி அப்பாவிடம் இரண்டே இரண்டு கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவவேண்டும். கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்தை அன்றைக்கே தேய்த்துத் தொட்டு வைக்கவேண்டும். அப்பா கோயிலுக்குப் போகத் தவறிய ஞாயிறு உண்டு. வண்டி கழுவத் தவறிய ஞாயிறு எனக்கு நினைவில்லை. 2004-ல் அந்த லாரியை விற்கும்வரை சேஸில் மறுபடி வெல்டிங் வைக்கவேண்டி வரவில்லை. அத்தனை வருஷமும் அது சுமந்தது உப்பைத்தான்.

நான் டிப்ளமோ முடித்து, கப்பல் பழுதுபார்க்கும் துறைகளில் பெயின்ட் ஆய்வாளன் ஆனேன். அங்கே எல்லாவற்றுக்கும் கருவியும் எண்ணும் இருந்தன. இரும்பின் வெப்பம் பனி விழும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கவேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக்கூடாது. அண்ணாச்சியின் புறங்கை சொன்னது இதைத்தான். உப்புக்கும் சோதனை உண்டு. இரும்பின் மேல் சிறிய ஒட்டுப்பை ஒன்றை ஒட்டி, அதற்குள் தூய நீரை ஊசியால் ஏற்றி இறக்கி, அந்த நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளப்பார்கள். கப்பலின் கடல்நீர்த் தொட்டிகளில் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் உப்புக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. முதல்முறை அந்த மீட்டரைப் படித்தபோது என் நாக்கில் அந்தச் சேஸின் கரிப்பு வந்து போனது. அதற்காக யாரும் இரும்பை நாக்கால் சோதிக்கவேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

பெயின்டுகளும் மாறின. இரண்டு டப்பாவைக் கலக்கும் எபாக்சி, காற்றை எதிர்பார்ப்பதில்லை. கலந்த இரண்டும் தமக்குள் வினை புரிந்து இறுகும். அதனால் அளவு பிசகினால் எத்தனை நாள் காத்தாலும் பிசுபிசுப்புப் போகாது. சேஸுக்கென்றே வரும் ஒருவகை யூரித்தேன், காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். ஈரத்துக்கு அஞ்சியே வேலை பழகிய எனக்கு அது புது அனுபவம். அதன் டப்பா விளிம்பில் ஒரு சொட்டு வழிந்தாலும் மூடி அப்படியே பிடித்துக்கொள்ளும். தோலில் பட்டு இறுகினால் எதற்கும் கழன்று வராது. வெயில் அதற்கு ஆகாது, மேலே வேறு பூச்சு வேண்டும். முதல் பூச்சு விரலில் லேசாக இழுக்கும்போதே இரண்டாவதை அடிக்கவேண்டும், முழுதும் இறுகிவிட்டால் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் மேல்பூச்சு ஒட்டாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வழி. ஆனால் எல்லா டப்பாவிலும் இரண்டு நேரம் அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்று தொட்டால் ஒட்டாத நேரம். மற்றது முழுதும் இறுகும் நேரம். முதலாவது மணிக்கணக்கு, இரண்டாவது நாள்கணக்கு. பெரும்பாலான வண்டிகள் முதலாவதிலேயே ரோட்டுக்கு வந்துவிடுகின்றன.

அண்ணாச்சி 1996-ல் காலமானார். நெஞ்சுக்கூடு கெட்டுப்போயிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது என் வேலையைப் பற்றி விசாரித்தார். கருவிகளைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "அம்புட்டும் சரி. கழுவுதியளா?" என்று மட்டும் கேட்டார்.

லாரி வைத்திருப்பவர்களுக்கும், மீன் வண்டி, உப்பு வண்டி, உர வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எஃப்.சி.க்கு முந்தைய நாள் பட்டறைக்குப் போகாதீர்கள். மூன்று வாரம் முன்னால் போங்கள். அடிக்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், கூட நின்று பாருங்கள். அடிப்பவருக்கு முகக்கவசமும் கையுறையும் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். அடித்த பின், கட்டைவிரல் நகம் பதியாத நாள்வரை வண்டியை எடுக்காதீர்கள். எங்களுக்கு அந்த நாள் வர ஏழு நாள் ஆயிற்று.